ஒரே சாயல், வேறு மீன்: பவளப்பாறை மீன் இனங்களைப் பிரித்தறியத் தொடங்குவது எப்படி?

மீன் ஏலம் நடக்கும் கரையில் களவா என்றால் களவாதான். உடம்பெல்லாம் ஆரஞ்சுப் பழுப்புப் புள்ளியோடு வந்தாலும், கரும்புள்ளியும் வெளிறிய திட்டுகளுமாக வந்தாலும் அதே பெயரில்தான் கூடைக்குப் போகும். மீனியலாளர்களுக்கு முதலாவது எபினெஃபெலஸ் கோயாய்டிஸ், இரண்டாவது எபினெஃபெலஸ் மலபாரிகஸ். அவர்களும் இதில் நெடுங்காலம் தடுமாறியிருக்கிறார்கள். ஆசியாவில் களவா வளர்ப்பு தொடங்கிய காலத்துக் கட்டுரைகள் பலவற்றில் கோயாய்டிஸ் மீன், டௌவினா என்ற மூன்றாவது இனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அவற்றில் உள்ள வளர்ச்சி வேகம், முட்டையிடும் பருவம், தீனி அளவு எல்லாம் வேறொரு மீனின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டன. 1993இல் ஃபிலிப் ஹீம்ஸ்ட்ராவும் ஜான் ராண்டலும் உலகக் களவா இனங்களைத் தொகுத்து எழுதிய பிறகே குழப்பம் பெருமளவு தெளிந்தது.

கடல் உயிரியல் படிக்க வந்திருக்கும் மாணவர்கள், முக்குளிக்கும்போது படமெடுப்பவர்கள், கரையில் மீன் பார்த்துப் பெயர் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கீழே சொல்லும் வரிசையிலேயே வேலை செய்து பழகுங்கள். வரிசை மாறினால் சில சான்றுகள் மீளமுடியாமல் கெட்டுப்போகும். எந்தக் கட்டத்திலும் நினைவில் இருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: ஒரே ஒரு சான்றை நம்பி மீனுக்குப் பெயர் சொல்லாதீர்கள். நிறம் ஒன்று சொல்லும், எண்ணிக்கை ஒன்று சொல்லும், மரபணு வேறொன்று சொல்லும். ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது ஒத்துப்போனால்தான் பெயர் நிற்கும்.

முதல் படி: மீனுக்கு முன்னால் வரைபடம்

எந்தக் கடல், எந்தத் தீவு, எத்தனை மீட்டர் ஆழம், உயிருள்ள பவளமா, இறந்த பவளமா, மணலா, கடற்புல்லா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சாத்தியமான இனங்களின் பட்டியல் அப்போதே வெகுவாகச் சுருங்கிவிடும். நெருங்கிய உறவுள்ள பாறை மீன்கள் பல, கடலைப் பங்குபோட்டுக்கொண்டு வாழ்கின்றன. வண்ணாத்தி மீன்களில் கீட்டோடான் டிரைஃபேசியேட்டஸ் இந்தியப் பெருங்கடலுக்குரியது. அதன் மறுபிரதி போலிருக்கும் லூனுலேட்டஸ் பசிபிக்குக்குரியது. இரண்டையும் ஒரே இனம் என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். இலங்கையின் பவளப்பாறையில் பார்த்தது டிரைஃபேசியேட்டஸ் என்று ஊகிக்க இடமே முதல் சான்று.

ஆனால் எல்லை என்பது சுவர் கிடையாது. இரு பெருங்கடல்களின் மீன்களும் சந்திக்கும் கிறிஸ்துமஸ் தீவில் இந்த இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன, கலந்து இனப்பெருக்கமும் செய்கின்றன. அங்கே இடம் உங்களுக்குக் கைகொடுக்காது. வண்ணமீன் கடையில் வாங்கிய மீனுக்கும் இதே நிலைதான்: பிடித்த இடம் தெரியாத மீனிடமிருந்து மிக எளிய சான்று ஒன்று பறிபோய்விட்டது.

இரண்டாம் படி: குஞ்சா, வளர்ந்ததா, ஆணா, பெண்ணா

இதைக் கவனிக்காமல் போனதால் மீனியலில் குவிந்த தேவையற்ற பெயர்களுக்கு அளவில்லை. பேரரச தேவதை மீன் என்று சொல்லப்படும் பொமகாந்தஸ் இம்பரேட்டருக்கு பெர்லினில் இருந்த மார்கஸ் பிளாக் 1787இல் பெயர் சூட்டினார். வளர்ந்த மீனின் உடலில் மஞ்சள் கோடுகள் நெடுக்காக ஓடும். அதன் குஞ்சு கருநீலமாக, வெள்ளை வளையங்களுக்குள் வளையங்களாக இருக்கும். அந்தக் குஞ்சுக்கு 1801இல் நிகோபார் தீவின் பெயரோடு தனி இனப் பெயர் கிடைத்தது. குஞ்சு வளர வளர வளையங்கள் கலைந்து கோடுகளாவதை இடைப்பட்ட அளவு மீன்களில் வரிசையாகப் பார்க்கலாம். ஆகவே சந்தேகம் வந்தால் ஒரே அளவு மீன்களை மட்டும் சேர்க்காமல் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வரிசையாகச் சேருங்கள்.

கிளிமீன்களில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. பெரும்பாலான இனங்களில் பெண் மீன் பின்னாளில் ஆணாக மாறும். மாறும்போது நிறமும் முழுதாக மாறும். கரீபியன் கடலின் ஸ்பாரிசோமா விரிடே இனத்தில் முதல் நிலை மீன் செம்பழுப்பாக, வெண்புள்ளிகளோடு, சிவந்த வயிற்றோடு இருக்கும். இறுதி நிலை ஆண் பச்சையாக ஒளிரும். இரண்டும் தனித்தனி இனங்களாகவே பெயரிடப்பட்டிருந்தன. ஒன்றோடொன்று முட்டையிடுவதைக் கடலுக்குள் பார்த்தும், வயிற்றைத் திறந்து சினைப்பையையும் விந்தகத்தையும் சோதித்தும்தான் இப்படிப்பட்ட பெயர்களை அறிஞர்கள் ஒன்றுசேர்த்தார்கள். நீங்கள் கிளிமீனில் தொடங்குவதாக இருந்தால் வயிற்றைத் திறந்து பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

மூன்றாம் படி: நிறத்தைப் படிக்கும் முறை

நிறத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. பாறை மீன்கள் தங்கள் இனத்தை நிறம் பார்த்தே அடையாளம் காண்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. எந்த நிறக்குறி நிலையானது, எது மாறக்கூடியது என்று பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சாயல் மாறும்; பட்டைகளும் கோடுகளும் புள்ளிகளும் அமைந்திருக்கும் இடம் அவ்வளவாக மாறாது.

மன்னார் வளைகுடாவில் காணப்படும் கோமாளி மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ஃபிப்ரியான் கிளார்க்கி, ஆம்ஃபிப்ரியான் செபே இரண்டும் கரும்பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டை போட்டவை. கிளார்க்கியின் உடல் ஆரஞ்சிலிருந்து கிட்டத்தட்ட முழுக் கறுப்பு வரை மாறும். எந்தக் கடல் சாமந்தியில் குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே உடல் நிறத்தை விட்டுவிட்டுப் பட்டைகளைப் பாருங்கள். கிளார்க்கிக்கு வால் தொடங்கும் இடத்தில் மூன்றாவது வெள்ளைப் பட்டை இருக்கும். செபேக்கு இரண்டே பட்டைகள். நடுப்பட்டை பின்னோக்கிச் சாய்ந்து முதுகுத் துடுப்புக்குள் ஏறும்.

அபுடெஃப்டஃப் பேரினத்து (பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) வரிமீன்களுக்கும் இதே முறைதான். செக்ஸ்ஃபேசியேட்டஸ் இனத்துக்கு வாலின் மேல் கீழ் இரு கிளைகளிலும் கறுப்புக் கோடு ஓடும். வைகியென்சிஸ் இனத்துக்கு அது கிடையாது. இவ்வளவு தெரிந்த மீனிலும் மறைந்திருந்த வேறுபாடு உண்டு. வால் அடியில் இரண்டு கரும்புள்ளிகள் கொண்ட மீனுக்கு 1939இல் ஜப்பானில் தனிப் பெயர் வைத்தார்கள். பின்னர் வந்தவர்கள் அதை வைகியென்சிஸ்தான் என்று ஒதுக்கினார்கள். 2018இல் மறுபடி ஆராய்ந்தபோது அது தனி இனமே என்று அந்தப் பழைய பெயரை மீட்டார்கள். இரண்டு சின்னப் புள்ளிகள்.

இன்னொன்று: பயந்த மீன், உறங்கும் மீன், செத்த மீன் மூன்றும் வேறு நிறம் காட்டும். ஓரா மீன் பயந்தால் நொடியில் திட்டுத்திட்டாக மாறிவிடும். உயிரோடு நீந்தும்போது எடுத்த படம் ஒன்றாவது கையில் இல்லாமல் நிறத்தை வைத்து வாதாடாதீர்கள்.

நான்காம் படி: மீன் கைக்கு வந்ததும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே அனுமதியில்லாமல் மீனையோ பவளத்தையோ எடுக்கக் கூடாது. புதியவர்களுக்கு அதற்குத் தேவையும் இல்லை. மண்டபம், பாம்பன், தூத்துக்குடி கரைகளில் இறங்கும் மீனிலேயே களவா, ஓரா, கிளிமீன், விலைமீன் என்று ஆண்டுக்கணக்கில் படிக்கப் போதுமானவை கிடைக்கும். யார் படகு, எந்தப் பக்கம், எத்தனை பாகம் (மீனவர்கள் ஆழத்தைச் சொல்லும் அளவு) ஆழம், வலையா தூண்டிலா என்று மீனவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எந்தப் பாரில், அதாவது எந்தக் கடலடிப் பாறைத்திட்டில், எந்த மீன் மேயும் என்று தெரியும்.

இனி வேகம் வேண்டும், நிறம் போய்க்கொண்டே இருக்கும். மீனைத் தண்ணீரில் அலசித் தெர்மாகோல் பலகையில் இடப்பக்கம் மேலே தெரியும்படி கிடத்துங்கள். துடுப்புகளை விரித்து மெல்லிய ஊசிகளால் பிடித்துவைத்து, துடுப்பின் அடிப்பகுதியில் தூரிகையால் சிறிது ஃபார்மலின் தடவினால் சில நிமிடங்களில் துடுப்பு விறைத்து நிற்கும். ஊசிகளை எடுத்துவிட்டு, அளவுகோலும் எண் சீட்டும் தெரியும்படி படமெடுங்கள். 800க்கும் மேற்பட்ட மீன் இனங்களை விவரித்த ராண்டல் படமெடுத்த முறை இது. உலகெங்கும் இடப்பக்கத்தையே படமெடுத்து, இடப்பக்கத்தையே அளக்கிறார்கள். எல்லா மீனும் ஒரே திசை பார்த்திருந்தால் ஒப்பிடுவது எளிது.

அடுத்து, வலப்பக்கத்திலிருந்து அரை சென்டிமீட்டர் சதையை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். அதன் பிறகே மீனை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும், அதாவது கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், அதில் ஊறிய மீனிலிருந்து மரபணு எடுப்பது மிகக் கடினம். பெரிய மீன் என்றால் வயிற்றின் வலப்பக்கம் சிறிது கீறிவிடுங்கள், இல்லையேல் உள்ளே அழுகும். சில நாள் கழித்துத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றினால் பல தலைமுறைக்கு இருக்கும். ஃபார்மலினைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மூடிய அறையில் திறக்காதீர்கள். ஓரா மீனைத் தொடும்போதும் கவனம்: அதன் துடுப்பு முட்கள் விஷமுள்ளவை, செத்த பிறகும் குத்தும்.

ஐந்தாம் படி: எண்ணுங்கள்

மீனியலின் முதுகெலும்பு இந்தப் படிதான். புதியவர்கள் அலுத்துக்கொண்டு தாண்டிப்போவதும் இதைத்தான். முதுகுத் துடுப்பில் முன்பக்கம் கூர்மையான முட்கள், பின்பக்கம் கணுக்கணுவாகப் பிரிந்து வளையும் மென்கதிர்கள். இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஆய்வேடுகளில் முட்களை ரோமன் எண்ணிலும் மென்கதிர்களைச் சாதாரண எண்ணிலும் எழுதுவார்கள். துடுப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். முதுகுத் துடுப்பிலும் மலத்துடுப்பிலும் கடைசி இரு கதிர்கள் ஒரே அடியிலிருந்து கிளம்பினால் அவற்றை ஒன்றாகக் கொள்வதுதான் வழக்கம். மார்புத் துடுப்பின் மேல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் குட்டைக் கதிரையும் சேர்த்து எண்ண வேண்டும். பிறகு பக்கக் கோட்டில், அதாவது உடலின் பக்கவாட்டில் நெடுக ஓடும் கோட்டில், துளையுள்ள செதில்கள், செவுளில் உள்ள முட்சீப்புகள். செதில் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் மீனை ஒற்றித் துடைத்துச் சிறிது உலரவிடுங்கள், விளிம்புகள் எழுந்து தெரியும். முள்ளெலும்புக் கணுக்களை எண்ண எக்ஸ்ரே வேண்டும். அது பிறகு ஆகட்டும்.

எண்ணிக்கை எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். கோமாளி மீன்களில் ஓசெல்லாரிஸ், பெர்குலா இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். ஓசெல்லாரிஸுக்கு முதுகு முட்கள் பெரும்பாலும் 11, பெர்குலாவுக்குப் பெரும்பாலும் 10. இந்த 'பெரும்பாலும்' மிக முக்கியம். ஓசெல்லாரிஸில் 10 முள் மீனும் உண்டு. ஆகவே 10 முள் கொண்ட ஒற்றை மீனை வைத்து முடிவு சொல்ல முடியாது. அதே இடத்து மீன்கள் பலவற்றை எண்ணி, எந்த எண் அதிகம் வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தமானில் பிடித்தது என்று தெரிந்தால் சந்தேகமே இல்லை, பெர்குலா அங்கே வாழ்வதில்லை. பப்புவா நியூகினி என்றால் பெர்குலா பக்கம் எடை கூடும்.

ஓரா மீனில் நிலைமை தலைகீழ். அந்தப் பேரினத்தில் எந்த இனத்தை எடுத்தாலும் முதுகுத் துடுப்பில் 13 முள்ளும் 10 மென்கதிரும், மலத்துடுப்பில் 7 முள்ளும் 9 மென்கதிரும்தான். ஓரா என்று உறுதிசெய்ய அது போதும். எந்த ஓரா என்று சொல்ல ஒரு பயனும் இல்லை. அங்கே செதில் வரிசைகளும் உடல் உயரமும் தலையின் வடிவமும் பேச வேண்டும். பாக் நீரிணையில் நிறையப் பிடிபடும் கனாலிகுலேட்டஸ், கிழக்காசியாவின் ஃபியூசெசென்ஸ் ஆகிய இரண்டு ஓராக்கள் இவ்வளவுக்குப் பிறகும் அறிஞர்களைப் பிரித்தே வைத்திருக்கின்றன.

ஆறாம் படி: அளவுகள்

வெர்னியர் காலிப்பர் போதும். முதல் அளவு திட்ட நீளம்: மேல்தாடையின் நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் எலும்பு வரை. வாலைப் பக்கவாட்டில் மடக்கினால் விழும் மடிப்பே அந்த இடம். வால் நுனி வரை அளக்காததற்குக் காரணம், வால் அடிக்கடி கிழிந்திருக்கும். பிறகு தலை நீளம், உடல் உயரம், கண் விட்டம், முட்களின் உயரம். இவற்றைத் தனி எண்ணாக வைக்காமல் திட்ட நீளத்தோடு விகிதமாக எழுதுங்கள். குஞ்சு மீனுக்குக் கண் உடலோடு ஒப்பிட்டால் பெரிதாக இருக்கும், வளர்ந்தால் விகிதம் குறையும். அதனால் ஒத்த அளவு மீன்களையே ஒப்பிட வேண்டும்.

ஏழாம் படி: மரபணு

2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு, விலங்குகளுக்கெல்லாம் பொதுவான மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றின் சிறு துண்டைக் கொண்டு இனங்களைப் பிரிக்கலாம் என்று முன்மொழிந்தது. சி.ஓ.ஐ. என்ற அந்த மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்து ஒப்பிடுவதை டி.என்.ஏ. பட்டைக்குறி என்கிறார்கள். 2005இல் ஆஸ்திரேலியாவின் 207 மீன் இனங்களில் செய்த ஆய்வில் ஒரே இனத்து மீன்களிடையே சராசரி வேறுபாடு 0.39 சதவீதம், ஒரே பேரினத்து வெவ்வேறு இனங்களிடையே 9.93 சதவீதம். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருந்தால் வேலை சுலபம். குஞ்சு, துண்டு மீன், முட்டை என எதையும் பெயரோடு இணைக்கலாம்.

பாறை மீன்களில் இடைவெளி எப்போதும் அப்படி இருப்பதில்லை. சென்ட்ரோபைஜ் என்ற குள்ளத் தேவதை மீன்களில் ஃப்ளாவிசிமா, எய்ப்ளி, வ்ரோலிக்கி மூன்றையும் நிறத்தால் சிறுபிள்ளையும் பிரித்துவிடும். மைட்டோகாண்ட்ரிய மரபணுவோ அந்த நிறப் பிரிவுகளோடு ஒத்துப்போகவில்லை. கரீபியனின் ஹாம்லெட் மீன்கள் அதைவிட ஆச்சரியம். நீலம், கறுப்பு, மஞ்சள், வரி போட்டது என்று பத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அந்தி நேரத்தில் இணை சேரும்போது பெரும்பாலும் தன் நிறத்து மீனையே தேர்ந்தெடுக்கின்றன. மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துப் பார்த்தால் எல்லாம் ஏறத்தாழ ஒன்று. 2019இல் வெளிவந்த ஆய்வில் வேறுபாடு சில இடங்களில் மட்டும், அதுவும் பார்வைக்கும் நிறமிக்கும் தொடர்புள்ள மரபணுக்களின் அருகில் குவிந்திருப்பது தெரிந்தது. பட்டைக்குறி மட்டும் பார்த்திருந்தால் இவற்றை ஒரே இனமென்று எழுதியிருப்போம். இத்தனை சதவீதம் தாண்டினால் வேறு இனம் என்று யாராவது ஒற்றை எல்லை வகுத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

எட்டாம் படி: மூலமாதிரியோடு ஒப்பிடுங்கள்

ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு குறிப்பிட்ட மீனை அருங்காட்சியகத்தில் வைத்து, இந்தப் பெயர் இந்த மீனுக்குரியது என்று அறிவிப்பார்கள். அதுவே மூலமாதிரி. பின்னாளில் எந்தச் சண்டை வந்தாலும் அதனிடம்தான் போக வேண்டும். மூலமாதிரி கிடைத்த இடமும் முக்கியம். கிளார்க்கி கோமாளி மீனை 1830இல் விவரித்தது இலங்கையிலிருந்து. ஆகவே வேறு கடலின் 'கிளார்க்கி' தனி இனமாகப் பிரிந்தாலும், பெயர் இலங்கை மீனோடுதான் தங்கும். நம் கரையின் மீன்கள் பலவற்றின் மூலமாதிரிகள் பெர்லினில் இருக்கின்றன. தரங்கம்பாடியிலிருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற சமயப் பணியாளர் 18ஆம் நூற்றாண்டில் பிளாக்குக்கு மீன்களை அனுப்பிவைத்ததே காரணம்.

மூலமாதிரி சரியில்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு மாலத்தீவின் ஒரு மீன் நல்ல பாடம். 1983இல் ராண்டலும் எமரியும் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் கிடைத்த ஒரே ஒரு குஞ்சு மீனை வைத்து சிர்ரிலாப்ரஸ் ருப்ரிஸ்க்வாமிஸ் என்ற இனத்தை விவரித்தார்கள். 1990களில் மாலத்தீவில் ரோஜா நிறத்தில் மின்னும் வளர்ந்த மீன்கள் கிடைத்தபோது, அந்தக் குஞ்சின் வளர்ந்த வடிவம் இதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். குஞ்சையும் வளர்ந்த ஆணையும் நேருக்கு நேர் ஒப்பிட வழியில்லாததால் அந்த ஊகம் கேள்வி கேட்பாரின்றி நின்றது. பிறகு அறிஞர்கள் வளர்ந்த ஆண்களின் நிறத்தையும், முதுகு முட்களின் உயரத்தையும், உடலின் பல பகுதிகளில் செதில் எண்ணிக்கையையும், மரபணுவையும் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே திசையைக் காட்டின. 2022இல் அது சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்ற தனி இனமானது. மாலத்தீவின் மொழியான திவேஹியில் ரோஜாவைக் குறிக்கும் சொல்லே அதன் பெயர். விவரித்தவர்களில் ஒருவரான அகமது நஜீப் மாலத்தீவுக்காரர்; அந்நாட்டு அறிவியலாளர் ஒருவர் தம் நாட்டு மீனைப் புதிய இனமாக விவரித்தது அதுவே முதல் முறை.

பெயர் கிடைப்பதற்கு முன்பே அந்த மீனைப் பிடித்து வண்ணமீன் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாகோஸ் வரை பரவிய ஒரே இனம் என்று எண்ணும்வரை அதன் எண்ணிக்கை பற்றிக் கவலைப்படக் காரணம் தெரியாது. இரண்டு இனங்கள் என்றானதும் ஒவ்வொன்றின் வாழிடமும் சுருங்குகிறது, எவ்வளவு பிடிக்கலாம் என்ற கணக்கும் மாறுகிறது. செதில் எண்ணும் வேலை ஏன் இவ்வளவு முக்கியம் என்று மாணவர்கள் கேட்டால் இந்த மீனைத்தான் நான் காட்டுவேன்.

ஒன்பதாம் படி: பெயரை எழுதுதல்

சான்றுகள் ஒத்துவந்தால் இனப் பெயரை எழுதுங்கள். பேரினம் மட்டும் உறுதி என்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள். ஓர் இனத்தைப் போலிருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று இடிக்கிறது என்றால் 'சி.எஃப்.' என்ற குறியை நடுவில் போடும் மரபு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று அதற்குப் பொருள். அந்தக் குறியைப் போடத் தயங்காதீர்கள். உறுதியில்லாத முழுப்பெயர் தரவுத்தளத்தில் ஏறினால் அதை நம்பிப் பத்துப் பேர் எழுதுவார்கள்.

மீன், சதைத் துண்டு, படம் மூன்றுக்கும் ஒரே எண் இருக்கட்டும். சீட்டை ஈரத்தில் அழியாத மையால் எழுதி ஜாடிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு ஒருநாள் உரிந்துவிடும். அளவுகளை முடித்ததும் மாதிரியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளாமல், பதிவெண் தரும் நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்னையிலேயே கடல் உயிரியல் மையம் இருக்கிறது. புதிய இனம் என்று நீங்கள் கருதும் மீனாக இருந்தால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி அரசு குறிப்பிட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைப்பது கட்டாயம். பதிவெண் வந்ததும் அதைக் குறிப்பேட்டில் மரபணுத் தரவின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்; அடுத்து ஆராய வருபவர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.